சைனேஜ் பிளேயர்: 8 ஜிபியா, 64 ஜிபியா?

கேட்கப்பட்ட கேள்வி இது. பன்னிரண்டு அறிவிப்புத் திரைகள் வைக்கப் போகிறீர்கள். (திரையில் வீடியோவையும் படங்களையும் ஓட்டும் சின்னப் பெட்டிதான் சைனேஜ் பிளேயர்.) ஒவ்வொரு திரையிலும் சுமார் 20 நிமிட வீடியோவும் நாற்பது படங்களும் நாள் முழுக்க மாறி மாறி ஓட வேண்டும். வாரம் ஒருமுறை எல்லாம் மாறும். ஒரு விற்பனையாளர் 8 ஜிபி பிளேயர் போதும் என்கிறார். இன்னொருவர் 64 ஜிபிக்குக் குறைந்து வாங்கவே வாங்காதீர்கள் என்கிறார். மூன்றாமவர், மெமரி கார்டு செருகும் இடம் இருந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வேலைக்கு 32 ஜிபி உள்சேமிப்பு இருக்கும் பிளேயரை வாங்குங்கள். 16 ஜிபி ஓடும், ஆனால் மூச்சு முட்டும். 8 ஜிபி பக்கம் போக வேண்டாம். இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால், நாளைக்கு திரை இருபதானாலும் வீடியோ 4கே ஆனாலும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பலர் முதல் கணக்கிலேயே தடுக்கி விழுகிறார்கள். ஒரு நாளைக்கு 10 மணி நேரம் ஓடுகிறது, அப்படியானால் 10 மணி நேர வீடியோவுக்கு இடம் வேண்டும் என்று பெருக்கிப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. 20 நிமிட வீடியோ முப்பது தடவை சுற்றினாலும் வட்டில் இருப்பது 20 நிமிடம்தான். வெவ்வேறு கோப்புகளின் மொத்த நிமிடத்தை மட்டும் எண்ணுங்கள்.

அந்த நிமிடங்களை ஜிபியாக மாற்ற பிட்ரேட் தெரிந்தால் போதும். பிட்ரேட் என்பது ஒரு வினாடி வீடியோவுக்கு எத்தனை மெகாபிட் செலவாகிறது என்ற எண். அதை 7.5 ஆல் பெருக்கினால் ஒரு நிமிடத்துக்கு எத்தனை எம்பி என்று வந்துவிடும். (8 ஆல் வகுத்து 60 ஆல் பெருக்குவதன் சுருக்கம் இது.) 1080பி (முழு எச்டி) வீடியோவை எச்.264 என்ற சுருக்கும் முறையில் 10 எம்பிபிஎஸ்ஸில் (வினாடிக்கு 10 மெகாபிட்) வைத்தால் நிமிடத்துக்கு 75 எம்பி. 4கே வீடியோவை எச்.265 முறையில் 25 எம்பிபிஎஸ்ஸில் வைத்தால் நிமிடத்துக்கு 187.5 எம்பி. உங்கள் 20 நிமிடம் 1080பி என்றால் 1.5 ஜிபி. நாற்பது படங்களும் ஒவ்வொன்றும் 1 எம்பி என்று வைத்தால் 40 எம்பி, அதைக் கணக்கில் சேர்க்கவே தேவையில்லை.

சரி, 1.5 ஜிபிதானே, 8 ஜிபி பெட்டியே ஐந்து மடங்கு பெரியதாயிற்றே என்று தோன்றும். முதல் விற்பனையாளர் சொன்னதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். ஆனால் அட்டைப்பெட்டியில் அச்சடித்த எண்ணுக்கும் உங்கள் கைக்கு வரும் இடத்துக்கும் நடுவில் இரண்டு பேர் பங்கு எடுத்துக்கொள்கிறார்கள். உற்பத்தியாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார், பல மென்பொருள்கள் 1024ஐ மூன்று முறை பெருக்கி எண்ணுகின்றன. அதனால் 8 என்பது 7.45 ஆகவும், 32 என்பது 29.8 ஆகவும் தெரியும். இதில் இடம் எதுவும் தொலையவில்லை, எண்ணும் முறைதான் வேறு. நிஜமாகவே இடத்தைத் தின்பது இயங்குதளம். ஆண்ட்ராய்டு பெட்டியில் இயங்குதளம், அதோடு வரும் செயலிகள், அப்டேட்டுக்கு ஒதுக்கிய பகுதி எல்லாம் சேர்ந்து 4, 5 ஜிபியை எடுத்துக்கொள்வது சாதாரணம். 8 ஜிபி பெட்டியில் 3 ஜிபி சொச்சம் மிஞ்சினால் அதிர்ஷ்டம்.

அந்த 3 ஜிபியிலும் உங்கள் 1.5 ஜிபி அடங்கும். ஆனால் அடுத்த வாரத்து பிளேலிஸ்ட்டை (வரிசையாக ஓட வேண்டிய வீடியோ, படத் தொகுப்பை) அனுப்பும் நாளில் அடங்குவது சந்தேகம்.

ஒழுங்காக எழுதப்பட்ட சைனேஜ் மென்பொருள் எதுவும் பழையதை அழித்துவிட்டுப் புதியதை இறக்காது. அப்படிச் செய்து நடுவில் இணைப்பு அறுந்தால் திரை கறுப்பாகிவிடும். ஆகவே பழையது ஓடிக்கொண்டே இருக்கும், புதியது முழுவதும் பின்னால் வந்து சேரும், ஒவ்வொரு கோப்பும் சரியாக வந்ததா என்று சோதிக்கும், கடைசியில்தான் மாற்றி, பழையதை அழிக்கும். இதன் பொருள், மாற்றம் நடக்கும் அந்த நேரத்தில் இரண்டு பிளேலிஸ்ட்டுக்கும் ஒரே சமயத்தில் இடம் வேண்டும். அடுத்த இரண்டு வாரத்துக்கானதை முன்கூட்டியே அனுப்பி வைக்கும் பழக்கம் இருந்தால் மூன்றுக்கும் வேண்டும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு சொதப்பலில். பெயர் வேண்டாம், ஒரு நிறுவனத்துக்கு 8 ஜிபி பிளேயர்கள் போட்டுக் கொடுத்திருந்தோம். உள்ளே 3.6 ஜிபி காலி. முதல் பிளேலிஸ்ட் 2 ஜிபி, அழகாக ஓடியது. ஒரு மாதம் கழித்து 2.2 ஜிபிக்குப் புதியது அனுப்பினார்கள். நிர்வாகத் திரையில் ஒவ்வொரு பிளேயரும் 70 சதவீதத்தைத் தாண்டியதும் நின்றது, மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கியது, மறுபடி அதே இடத்தில் நின்றது. திரைகளில் பழைய விலைப்பட்டியல் மட்டும் எந்தக் கவலையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் நெட்வொர்க்கைத் திட்டினார்கள். ரூட்டர் மாறியது, கேபிள் மாறியது. இரண்டாம் நாள் மாலை ஒருவர் சலித்துப்போய் பிளேயரின் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்தார். காலி இடம்: 41 எம்பி. 3.6இல் 2 போனால் 1.6, அதற்குள் 2.2 எப்படி நுழையும்? மூன்றாம் வகுப்புக் கணக்கு. அதை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. நானும்தான்.

ஆகவே கணக்கை இப்படிப் போடுங்கள். இப்போது ஓடுவது 1.5, அடுத்தது 1.5, முன்கூட்டியே அனுப்பி வைப்பது 1.5, ஆக 4.5 ஜிபி. இதோடு எது எப்போது ஓடியது என்ற பதிவுகள், உலாவியின் கேஷ் (இணையப் பக்கங்களை உலாவி சேர்த்து வைக்கும் இடம்), இணைப்பு இல்லாதபோது காட்டும் மாற்று வீடியோ இவற்றுக்கு ஒரு ஜிபி. ஐந்தரை ஆயிற்று. இந்தப் பிளேயர்களிலும் மெமரி கார்டுகளிலும் இருக்கும் ஃபிளாஷ் வகைச் சேமிப்பை விளிம்பு வரை நிரப்பக் கூடாது. நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் குறையும், தேய்மானம் கூடும். ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள் என்றால் கிட்டத்தட்ட 7 ஜிபி. இயங்குதளத்துக்கு 5 சேர்த்தால் 12. இதனால்தான் 16 ஓடும் ஆனால் இறுக்கம் என்றேன். இதே 20 நிமிடம் 4கே ஆனால் ஒரு பிளேலிஸ்ட் 3.75 ஜிபி. அதே முறையில் போட்டால் 20 ஜிபியைத் தாண்டும். 32 அதையும் தாங்கும், எனவே 32.

உலாவியின் கேஷ் என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டேன். வானிலை, செய்தி ஓட்டம், சமூக வலைத்தளப் பதிவுகள் போன்ற இணையப் பக்கங்களைத் திரையில் காட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மாதக்கணக்கில் மூடப்படாமல் திறந்தே இருக்கும் பக்கம் சத்தமில்லாமல் இடத்தை அடைத்துக்கொண்டே போகும். கேஷுக்கு உச்சவரம்பு வைக்கவும் பழைய பதிவுகளைத் தானாக அழிக்கவும் உங்கள் மென்பொருளில் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

இடம் பெரிதாக இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. 12 திரைக்கு 1.5 ஜிபி வீதம் 18 ஜிபி. 20 எம்பிபிஎஸ் இணைப்பை முழுவதுமாக இதற்கே கொடுத்தாலும் 2 மணி நேரம் ஆகும். அந்த இணைப்பிலேயே அலுவலக வேலையும் நடக்கிறதென்றால் சண்டைதான். பிளேயரில் இடம் தாராளமாக இருந்தால் இரவுகளில் மெதுவாக, நாலைந்து நாள் முன்னதாகவே அனுப்பி வைத்துவிட்டு, குறித்த நாளில் மாறும்படி தேதி போட்டுவிடலாம். நேரடியாக இணையத்திலிருந்தே ஓட்டிவிடலாமே, சேமிப்பு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. இணைப்பு ஒரு நிமிடம் போனால் திரையில் சக்கரம் சுற்றுவதைப் பத்துப் பேர் நின்று பார்ப்பார்கள். நேரலை தவிர வேறு எதற்கும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாமவர் சொன்ன மெமரி கார்டுக்கு வருவோம். இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

செருகும் இடம் இருப்பதும், உங்கள் சைனேஜ் செயலி அந்தக் கார்டில் எழுதுவதும் இரண்டு வேறு விஷயங்கள். ஆண்ட்ராய்டு 10இலிருந்து செயலிகள் வெளிச் சேமிப்பில் விருப்பம்போல் எழுதுவதற்குக் கட்டுப்பாடுகள் வந்துவிட்டன, 11இல் இன்னும் இறுகின. கார்டை உள்சேமிப்பின் பகுதியாகவே சேர்த்துக்கொள்ளும் வசதி 2015இல் ஆண்ட்ராய்டு 6.0 உடன் வந்தது. ஆனால் அதைத் தருவதா வேண்டாமா என்பது பெட்டி செய்பவர் விருப்பம். 128 ஜிபி கார்டு செருகியும் செயலி 8 ஜிபி உள்சேமிப்பிலேயே எழுதி நிரப்பிக்கொண்டிருக்கும் காட்சியைப் பார்த்திருக்கிறேன். கார்டு முழுக்கக் காலி. ஆகவே விற்பவரிடம் கார்டு போடலாமா என்று கேட்காதீர்கள். இந்த மென்பொருள் இந்தப் பெட்டியில் வீடியோவைக் கார்டில் சேமிக்குமா என்று கேளுங்கள், முடிந்தால் செய்து காட்டச் சொல்லுங்கள்.

எல்லாப் பிளேயர்களும் இப்படியல்ல. பிரைட்சைன் போன்ற, சைனேஜுக்கென்றே செய்த பிளேயர்களில் மைக்ரோ எஸ்டி கார்டில் வீடியோக்களை வைத்து ஓட்டுவதுதான் வழக்கம். ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினிப் பலகையில் இயங்குதளமே பெரும்பாலும் கார்டிலிருந்துதான் எழும். அங்கெல்லாம் கார்டின் தரம்தான் உங்கள் தூக்கத்தைத் தீர்மானிக்கும்.

தரம் என்றதும் ஆட்கள் வேகத்தைப் பார்க்கிறார்கள். வீடியோ ஓட்ட வேகம் பெரிதாக வேண்டாம். 25 எம்பிபிஎஸ் 4கே வீடியோவுக்கு வினாடிக்கு 3 எம்பி சொச்சம் படித்தால் போதும். வினாடிக்கு 10 எம்பியாவது எழுத வேண்டும் என்பது கிளாஸ் 10 கார்டுக்கான நிபந்தனை, அதுவே தாராளம். இயங்குதளமும் கார்டிலிருந்தே ஓடுகிறதென்றால் மட்டும் ஏ1 அல்லது ஏ2 குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். சிறுசிறு கோப்புகளை அங்குமிங்கும் படித்து எழுதும் திறனைச் சொல்வது அது. மற்றபடி பணத்தை ஆயுளுக்குக் கொடுங்கள். கண்காணிப்புக் கேமராவுக்கென்று விற்கும் ஹை எண்டியூரன்ஸ் கார்டுகள் இதற்குப் பொருந்தும்.

ஃபிளாஷ் சேமிப்பின் ஒவ்வொரு பகுதியையும் இத்தனை தடவைதான் அழித்து எழுத முடியும் என்று ஒரு வரம்பு உண்டு. படிப்பதால் தேய்மானம் அநேகமாக இல்லை. வாரம் 1.5 ஜிபி புதிதாக எழுதுவதும் ஒரு பொருட்டில்லை. கார்டைக் கொல்வது நிமிடத்துக்கு நிமிடம் எழுதப்படும் குட்டிக் குட்டிப் பதிவுகள்தான். நூறு பைட் வரி ஒன்றைச் சேர்க்க, கார்டு உள்ளுக்குள் அதைவிடப் பல மடங்கு பெரிய பகுதியை நகர்த்தி எழுத வேண்டியிருக்கும். கொள்ளளவு கூடினால் இந்தத் தேய்மானம் அதிகப் பகுதிகளுக்குப் பரவுவதால், இடம் தேவைப்படாவிட்டாலும் 64 ஜிபி கார்டு அதே வகை 32 ஜிபி கார்டைவிட நீண்ட நாள் உழைக்கும். 64 என்று சொன்ன இரண்டாமவர் இதை மனதில் வைத்துச் சொல்லியிருந்தால் அவரை மெச்சலாம்.

கார்டு சாகும் விதம் விசித்திரமானது. சட்டென்று நின்றுபோனால் பரவாயில்லை, தெரிந்துவிடும். சில கார்டுகள் ஆயுள் முடிந்ததும் எழுதுவதை மட்டும் நிறுத்திக்கொள்ளும், படிப்பது நடக்கும். புதிய பிளேலிஸ்ட் அனுப்புகிறீர்கள், வந்தது என்று பிளேயர் சொல்கிறது, திரையிலும் மாறுகிறது. மறுநாள் காலை ஆன் செய்தால் போன மாதத்து வீடியோ ஓடுகிறது. நேற்று அழித்த கோப்புகள் எல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கின்றன. எழுதியதெல்லாம் ரேமில் (மின்சாரம் போனால் மறைந்துவிடும் தற்காலிக நினைவகம்) மட்டும் இருந்திருக்கிறது, கார்டுக்குப் போகவே இல்லை. இதை முதன்முதலில் பார்க்கிறவர் மென்பொருளில்தான் கோளாறு என்று சத்தியம் செய்வார். பரிசோதனை எளிது. ஒரு சின்னக் கோப்பை எழுதிவிட்டு, பிளேயரை அணைத்து ஆன் செய்து, அது இருக்கிறதா என்று பாருங்கள்.

இரவில் மெயின் சுவிட்சைத் தட்டி எல்லாத் திரைகளையும் ஒரே அடியாக அணைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு அமைப்பு (எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற ஏற்பாடு) சிதையலாம். கோப்பு அமைப்பு வகைகளில் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டுக்கும் பாதியில் நின்ற வேலையைச் சரிசெய்துகொள்ளும் ஜர்னல் கிடையாது, எக்ஸ்ட்4க்கு உண்டு. பிளேயரில் நேரம் வைத்து அது தானாக முறைப்படி அணைந்த பிறகு சுவிட்சை அணையுங்கள். பென்டிரைவில் போட்டு ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை: ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 10 எம்பிபிஎஸ் வீடியோ என்றால் அது 57 நிமிடம். எல்லாவற்றையும் ஒட்டி ஒரே நீள வீடியோவாக ஏற்றுமதி செய்பவர்கள் இங்கே மாட்டுவார்கள்.

உள்சேமிப்பில் இஎம்எம்சி என்று போட்டிருந்தால் சைனேஜுக்குப் போதும், கார்டைவிட நம்பகம். ஆனால் பலகையோடு ஒட்டியது, தேய்ந்தால் மாற்ற முடியாது. எம்.2 எஸ்எஸ்டி (தனியாகச் செருகும் வேகமான சேமிப்பு) போடும் வசதி இருந்தால் நல்லதுதான், உங்கள் அளவுக்கு ஆடம்பரம். பிளேயரே திரைக்குள் இருக்கும் சாம்சங் டைசன், எல்ஜி வெப்ஓஎஸ் வகைத் திரைகளில் மொத்தச் சேமிப்பு எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, பயன்படுத்தக் கிடைக்கும் இடம் எவ்வளவு என்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதைப் பிறகு பெரிதாக்குவது சுலபமில்லை.

விளம்பரத்தில் 2+16, 4+32 என்று எழுதியிருப்பார்கள். முதல் எண் ரேம், இரண்டாவது சேமிப்பு. மெமரி 4 ஜிபி என்று மொட்டையாகப் போட்டிருந்தால் எது என்று கேளுங்கள். ரேம் குறைவதால் வரும் கோளாறைச் சேமிப்புக் கோளாறு என்று நினைத்து அலைபவர்கள் நிறைய. கேமராவிலிருந்து எடுத்த 8000க்கு 6000 படம் வட்டில் 12 எம்பியாக இருக்கலாம். திரையில் காட்ட விரிக்கும்போது ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம் 192 எம்பி ரேம் கேட்கும். 1080பி திரைக்கு அந்தப் படத்தை 1920க்கு 1080 ஆகச் சுருக்கி அனுப்பினால் 8 எம்பி சொச்சம்தான். பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

உண்மையில் பெரிய பெட்டி வாங்குவதற்கு முன் கோப்புகளைச் சுருக்குவதுதான் மலிவான வழி. வடிவமைப்பாளர்கள் தங்கள் வேலைக்கான மூலக் கோப்பையே அப்படியே அனுப்பிவிடுவார்கள். 1080பி புரோரெஸ் 422 எச்க்யூ (எடிட்டிங் வேலைக்கான அதிகத் தர வடிவம்) கோப்பு வினாடிக்கு 30 ஃபிரேம் என்றால் சுமார் 220 எம்பிபிஎஸ், அதாவது ஒரு நிமிடம் 1.65 ஜிபி. ஹேண்ட்பிரேக், எஃப்எஃப்எம்பெக் போன்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு 10 எம்பிபிஎஸ்ஸாக்கினால் 75 எம்பி. எச்.265 முறைக்கு மாறினால் ஏறக்குறைய அதே தரம் பாதி அளவில் கிடைக்கும். ஆனால் பிளேயரின் சிப் அதை வன்பொருளிலேயே விரிக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். இது தலைகீழாகவும் இருக்கலாம்: ராஸ்பெர்ரி பை 5இல் எச்.265க்கு வன்பொருள் உண்டு, எச்.264க்கு இல்லை. திரையை நாலு பாகமாகப் பிரித்து ஒரு மூலையில் சின்னதாக ஓடும் வீடியோவுக்கு 4கே கோப்பு அனுப்புவதும் வீண். சில மென்பொருள்கள் ஏற்றும்போதே சர்வரில் சுருக்கிக் கொடுத்துவிடும், உங்களுடையது செய்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பன்னிரண்டையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். ஒன்று வாங்குங்கள். ஸ்டோரேஜ் பக்கத்தில் காலி இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம், இல்லாத இடத்தை இருப்பதாகக் காட்டும்படி திருத்தப்பட்ட மலிவுப் பெட்டிகளும் கார்டுகளும் சந்தையில் உண்டு. கார்டு, பென்டிரைவ் என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துச் சோதிக்கலாம். பெட்டி என்றால் காலி இடம் தீரும்வரை நிஜ வீடியோக்களை ஏற்றி, கடைசியாக ஏற்றியது ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு அவற்றை அழித்துவிட்டு உங்கள் முழு பிளேலிஸ்ட்டை ஏற்றி, அது ஓடும்போதே முழுக்க வேறான இன்னொரு பிளேலிஸ்ட்டை அனுப்புங்கள். பாதியில் கேபிளைப் பிடுங்கிவிட்டு மறுபடி செருகுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா, திரை ஒரு நொடியும் கறுக்காமல் மாறுகிறதா, மாறிய பிறகு பழைய கோப்புகள் நிஜமாகவே அழிந்து இடம் திரும்பக் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு மீதிப் பதினொன்றுக்கு ஆர்டர் கொடுங்கள்.